வழிநூலும் சுவைஞர் ஐயமும்: ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தொடர் பற்றிய ஒரு திறனாய்வு

1. நுதலிய பொருள்

திறனாய்வு என்பது நூல் தோன்றிய பின்னர்த் தொடங்குவது என்பதே நாம் பயின்றுவந்த கொள்கை. நூலைக் கற்றல், பொருள் உணர்தல், நலமும் குறையும் காணல், பிறவற்றோடு ஒப்பிடல் என்பன அதன் படிகள். நூல் வரும் வழியை நோக்கி நிற்பாரின் உள்ளத்தில் அந்நூல் பற்றி எழும் எண்ணங்களை நாம் ஆராய்வதில்லை. ஆராயச் சான்று கிடைப்பதும் அரிது. சிலப்பதிகாரம் கேட்டு உருகிய அவையினர் மணிமேகலையை என்ன எண்ணி எதிர்நோக்கினர்? கம்பன் முடிசூட்டோடு நிறைவுசெய்த கதைக்கு உத்தரகாண்டம் ஒன்று எழும் எனக் கேட்டவர் மகிழ்ந்தனரா, அஞ்சினரா? ஏடுகள் இவ்வினாக்களுக்கு விடை கூறா.

ஏடுகள் கூறாததைக் காண்பதற்குத் திரைப்படக் கலை ஒரு வாயில் திறந்திருக்கின்றது. பெரும்புகழ் பெற்ற ஒரு படத்திற்குத் தொடர்ச்சி வரும் என்னும் அறிவிப்புக்கும், அத்தொடர்ச்சி அரங்கிற்கு வருதற்கும் இடையே ஆண்டுகள் கழிகின்றன. அவ்விடைக்காலத்தில் சுவைஞர் கொண்ட நம்பிக்கையும் ஐயமும் செய்தித்தாள்களிலும் நூல்களிலும் பதிவாகி நிற்கின்றன. அமெரிக்க நாட்டு இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் தோற்றுவித்த ‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் படத்தொடர் இவ்வகைச் சான்று மிகுதியும் உடையது. 1977 முதல் 2019 வரை அதன் தலைமைக் கதை ஒன்பது படங்களாக விரிந்தது. ஒவ்வொரு படத்திற்கு முன்னும் ஒரு காத்திருப்பு உண்டு. ஒவ்வொரு காத்திருப்பும் தன்மையால் வேறுபட்டது.

வரவிருக்கும் தொடர்ச்சி பற்றிச் சுவைஞர் கொள்ளும் ஐயம் வெறும் ஆரவாரமா, அன்றித் திறனாய்வின் ஒரு வகையா என்பதே இக்கட்டுரை ஆராயும் வினா. திறனாய்வே எனின், அது எவ்வெல்லை வரை திறனாய்வாக நிற்கின்றது, எவ்விடத்தில் அப்பெயரை இழக்கின்றது என்பதும் உடன் ஆராயப்படும்.

2. ஆய்வுக் கருவிகள்

ஒரு நூலைத் தொடர்ந்து வரும் நூல் பற்றித் தமிழ் இலக்கண நூலார் எண்ணியிருக்கின்றனர். தொல்காப்பியர் மரபியலில் முதல், வழி என நூலை இருவகைப்படுத்தி, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துவர். நன்னூலார் வழிநூலின் இயல்பாக மூன்று கூறுவர். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருத்தல் ஒன்று. பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டை உடன் கூறுதல் மற்றொன்று. மரபு அழியாது நிற்றல் மூன்றாவது. இவ்விலக்கணம் அறிவுநூல்களை நோக்கி வகுக்கப்பட்டது என்பது உண்மையே. எனினும் கதை தொடரும் நூலுக்கும் இம்மூன்றும் பொருந்துதலைக் காண்கின்றோம். முதலாவது இன்றேல் பின்னூல் தொடர்ச்சி ஆகாது. இரண்டாவது இன்றேல் அது முன்னூலின் படியாகும். மூன்றாவது இன்றேல் அது பெயரளவில் உறவுடைய பிறிதொரு நூலாகும்.

மற்றொரு கருவி முதல், கரு, உரி என்னும் பாகுபாடு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிரும் தொழிலும் பிறவும் கருப்பொருள். மக்கள் உள்ளத்து ஒழுகலாறு உரிப்பொருள். கருப்பொருள் பலவும் நிரம்பி உரிப்பொருள் இன்றேல் அது பாட்டாகாது என்பது அகத்திணை பயின்றார் அறிந்தது.

மூன்றாவது கருவி அளவை நூலார் காட்டும் வேறுபாடு. தொலைவில் நிற்கும் ஒன்றைக் குற்றியோ மகனோ என இருபாலும் ஒப்ப எண்ணி நிற்றல் ஐயம். கிடக்கும் கயிற்றை அரவு எனத் துணிதல் திரிபு. ஐயம் மேலும் நோக்கத் தூண்டும். திரிபு நோக்குதலை நிறுத்திவிடும். இவ்வேறுபாடு பின்னர்ப் பெரிதும் பயன்படும்.

3. முதல் காத்திருப்பு: 1980 முதல் 1983 வரை

1977 மே 25ஆம் நாள் முதற்படம் அமெரிக்காவில் ஐம்பதுக்கும் குறைந்த அரங்குகளிலேயே தொடங்கியது. அதனை எதிர்நோக்கிப் பெருந்திரள் நிற்கவில்லை. கண்டவரே பின்னர்ப் பெருந்திரளாயினர். அப்படம் தன்னளவில் முற்றுப்பெற்றது. பாலை போன்ற ஒரு கோளில் உழவுத்தொழிற் குடும்பத்தில் வளர்ந்த லூக் ஸ்கைவாக்கர் என்னும் இளைஞன், ஓபி-வான் கெனோபி என்னும் முதியவனிடம் ‘ஃபோர்ஸ்’ என்னும் மறைவான ஆற்றலைப் பற்றிக் கேட்டு, பேரரசின் கொடிய படைக்கலத்தை அழிக்கின்றான். வெற்றி விழாவோடு கதை முடிகின்றது. அப்படத்தை நான்காம் பகுதி எனக் குறித்து, ‘புதிய நம்பிக்கை’ எனப் பொருள்படும் துணைப்பெயரைத் தொடக்க எழுத்துக்களில் சேர்த்தது 1981ஆம் ஆண்டு மறுவெளியீட்டில்தான். முதனூல் தான் முதனூல் என்பதைப் பின்னரே அறிந்தது எனலாம்.

1980 மே மாதம் வெளிவந்த ‘தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்’ என்னும் இரண்டாம் படத்தை இர்வின் கெர்ஷ்னர் இயக்கினார். இதன் இறுதியில் பகைவன் டார்த் வேடர் தானே லூக்கின் தந்தை என்கின்றான். தோழன் ஹான் சோலோ உறைநிலையில் வைக்கப்பட்டுக் கொண்டுபோகப்படுகின்றான். அவ்வளவில் படம் நிற்கின்றது. அடுத்த படத்திற்கு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இக்காத்திருப்பின் ஐயம் யாது? வேடர் கூறியது மெய்யோ பொய்யோ என்பதே. முதற்படத்தில் முதியவன் கெனோபி, வேடர் லூக்கின் தந்தையைக் கொன்றவன் என்று கூறியிருந்தான். நல்லோன் கூற்றும் தீயோன் கூற்றும் முரண்பட்டன. எதனை நம்புவது? சுவைஞர் இருபாலாகப் பிரிந்து வழக்காடினர். இவ்வையம் நூலின் புறத்தே நின்று எழுந்ததன்று; நூலாசிரியர் நூலினுள்ளே வைத்த முடிச்சிலிருந்து எழுந்தது. ஆதலின் இது தூய ஐயம். குற்றியோ மகனோ என்னும் அளவில் நின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. வேடர் தந்தை என்பது முதற்படத்தின் வெளிப்படையான கூற்றுக்கு மாறானது. முன்னோர் முடிபோடு ஒத்திருத்தல் என்னும் விதியைச் சொல்லளவில் கொண்டால் அது வழுவாகும். எனினும் சுவைஞர் அதனை வழுவெனத் தள்ளாது தொடரின் உச்சம் எனப் போற்றினர். 1983இல் வந்த மூன்றாம் படத்தில், வேடர் ஆனபோதே பழைய மனிதன் அழிந்தான் எனக் கெனோபி அமைதி கூறுவதும் ஏற்கப்பட்டது. ஏன்? முதற்படத்தில் தீயோனைக் கொல்லுதல் என்று எளிதாக இருந்த சிக்கல், தந்தையைக் கொல்வதா மீட்பதா என்னும் அறச்சிக்கலாக ஆழ்ந்தது. செய்தி மாறிற்று; பொருள் வளர்ந்தது. பின்னோன் வேண்டிய வேறுபாடு உரிப்பொருளுக்கு ஆக்கமாயிற்று.

மூன்றாம் படத்தின் பெயரும் இதற்குச் சான்று. ஜெடை என்னும் அறவீரரின் பழிவாங்கல் எனப் பொருள்படும் ‘ரிவென்ஜ்’ என்னும் சொல்லே முதலில் அறிவிக்கப்பட்டது; சுவரொட்டிகளும் அச்சாயின. பின்னர், பழிவாங்கல் ஜெடையர்க்கு உரிய ஒழுக்கமன்று என்பது பற்றி, மீண்டு வருதல் எனப் பொருள்படும் ‘ரிட்டர்ன்’ என்னும் சொல் இடப்பட்டது. படத்தின் முடிவில் லூக் தன் ஒளிவாளை எறிந்துவிட்டுத் தந்தையைக் கொல்ல மறுக்கின்றான். அம்மறுப்பே தந்தையை மீட்கின்றது. இத்தொடரின் உரிப்பொருள் மீட்சி என்பது இதனால் விளங்கும். ஒரு சொல்லை மாற்றியதில் அவ்வுரிப்பொருள் காக்கப்பட்டது.

4. இடைக்காலம்: சுவைஞர் கையில் நூல்

1983க்குப் பின் பதினாறு ஆண்டுகள் புதிய படம் இல்லை. ஆயினும் கதை உறங்கவில்லை. 1991இல் டிமதி ஜான் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’ என்னும் புதினம் மூன்றாம் படத்திற்குப் பிந்திய நிகழ்ச்சிகளைக் கூறிப் பெருவரவேற்புப் பெற்றது. அதனைத் தொடர்ந்து புதினங்களும் படக்கதைகளும் பல்கின. இக்காலத்தில் சுவைஞர் முதல் மூன்று படங்களையும் பன்முறை கண்டு, காட்சி காட்சியாக நினைவில் நிறுத்தினர். குழந்தைப் பருவத்தில் கண்டவர் தம் மக்களுக்குக் காட்டும் பருவம் எய்தினர். ஓர் உரைமரபு உருவாயிற்று எனக் கூறுதல் மிகையாகாது.

உரைமரபு உருவான பின்னர் மூலத்தில் கைவைத்தல் எளிதன்று என்பதை 1997ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டில் லூகாஸ் முதல் மூன்று படங்களையும் திருத்தி மீண்டும் வெளியிட்டார். முதற்படத்தில் மதுக்கடையில் ஹான் சோலோ தன்னை அச்சுறுத்தி எதிரே அமர்ந்திருப்பவனைச் சுட்டு வீழ்த்துவான். திருத்தத்தில் எதிரி முதலில் சுட்டுக் குறிதவறியதாகவும், பின்னரே ஹான் சுட்டதாகவும் மாற்றப்பட்டது. சில நொடிக் காட்சி அது. ஆயினும் சுவைஞர் அதனைப் பெருங்குறையாகக் கருதினர். தன்னலமும் வன்மையும் உடையவனாகத் தொடங்கி நண்பர்க்காக உயிரைப் பணயம் வைப்பவனாக ஹான் மாறுவதே அவன் கதை. தொடக்கத்தையே நன்மையாக்கிவிட்டால் மாற்றத்திற்கு இடம் ஏது? சுவைஞர் எழுப்பிய தடை பாத்திரப் படைப்பு நுட்பம் அறிந்த தடையாகும். ஆசிரியரே தம் நூலின் உரிப்பொருளைக் குறைக்கக்கூடும் என்னும் ஐயம் அவர்களிடையே வேரூன்றியது இக்காலத்தில்தான்.

5. இரண்டாம் காத்திருப்பு: 1999

1998 நவம்பரில் ‘தி ஃபேண்டம் மெனஸ்’ என்னும் புதிய படத்தின் முன்னோட்டம் அரங்குகளில் காட்டப்பட்டது. வேறொரு படத்திற்கு முழுக்கட்டணம் செலுத்தி உள்ளே சென்று, முன்னோட்டத்தை மட்டும் கண்டு, அப்படத்தைக் காணாது வெளியேறியவர் பலர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகழ்பெற்ற சீன அரங்கின் முன் சுவைஞர் வாரக்கணக்கில் வரிசையில் நின்றனர். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என்பர். குறித்த பருவம் வந்ததோ எனக் கலங்கும் தலைவியைத் தோழி தேற்றுவது அத்திணையின் ஒரு துறை. வரிசையில் நின்றவர் ஒருவரையொருவர் தேற்றிய நிலையும் அத்தகையதே. ஐயுறுவோரை நம்புவோர் ஆற்றுவித்தனர்; நம்புவோரை ஐயுறுவோர் எச்சரித்தனர்.

1999 மே 19ஆம் நாள் படம் வெளிவந்தது. முதல் வெளியீட்டில் உலகெங்கும் 92 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. எனினும் பெரும்பாலான பழஞ்சுவைஞர் உள்ளம் நிறைவுறவில்லை. அவர் கூறிய குறைகளுள் ஒன்று ஈண்டு ஆராயத்தக்கது. முதற்படத்தில் ‘ஃபோர்ஸ்’ என்பது உயிர்கள் அனைத்தையும் சூழ்ந்து பிணைத்து நிற்கும் ஆற்றல் எனச் சொல்லப்பட்டது. புதிய படத்திலோ, குருதியில் வாழும் ‘மிடிகுளோரியன்’ என்னும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கையால் ஒருவனது ஆற்றலை அளக்கலாம் என்று கூறப்பட்டது.

இது முன்னைய படங்களின் எந்தச் செய்தியையும் நேரே மறுப்பதன்று. 1980ஆம் ஆண்டு மாற்றமோ நேரே மறுத்தது. அதனை ஏற்ற சுவைஞர் இதனை ஏற்காமை ஏன்? அங்கே மாற்றம் பொருளை ஆழமாக்கியது. இங்கே விளக்கம் வியப்பைக் குறைத்தது. மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களமாக இருந்த ஒன்று மருத்துவச் சோதனைக்கு உரியதாயிற்று. உழவுக்குடி இளைஞனும் முயற்சியால் உயரலாம் என்னும் கருத்து, பிறப்பால் வரும் குருதி அளவாகச் சுருங்கிவிடுமோ என்னும் அச்சமும் எழுந்தது. சுவைஞர் போற்றுவது செய்தி ஒருமையை அன்று, பொருள் ஒருமையை என்பது இவ்விரு மாற்றங்களையும் ஒப்பிடத் தெளிவாகும்.

6. மூன்றாம் காத்திருப்பு: 2012 முதல் 2019 வரை

2012 அக்டோபர் 30ஆம் நாள் டிஸ்னி நிறுவனம் லூகாஸின் நிறுவனத்தை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2015இல் ஏழாம் பகுதி வரும் என்பதும் உடன் அறிவிக்கப்பட்டது. இப்பொழுது ஐயம் புதிய வடிவு கொண்டது. முதனூலாசிரியர் விலகினார், பிறர் தொடரப்போகின்றனர். ஆசிரியர் மாறின் மரபு நிற்குமா?

தமிழ் கற்றார்க்கு இது புதிய வினா அன்று. சிலப்பதிகாரம் இளங்கோவடிகள் யாத்தது. மணிமேகலை சாத்தனார் யாத்தது. கோவலன் மகள் கதையோடு தன் பொருள் நிறைவெய்துவதைச் சிலப்பதிகாரமே நூற்கட்டுரையில் சுட்டுகின்றது. எனினும் பின்னூலின் சமயநோக்கு வேறு, நடை வேறு, தலைவியின் குறிக்கோள் வேறு. ஆசிரியர் மாறியதால் மரபு அழிந்ததா? இல்லை. பரத்தையர் குலத்துப் பிறந்தவள் என உலகம் ஒதுக்கும் மகள் துறவால் உயர்தலைக் காட்டி, முன்னூல் எழுப்பிவிட்ட வினாவுக்குப் பின்னூல் தன் வழியில் விடை தேடுகின்றது. ஆசிரியர் ஒருமை தொடர்ச்சிக்கு இன்றியமையாததன்று. வினாவின் ஒருமையே இன்றியமையாதது.

2014 ஏப்ரலில், முன்னர் வந்த புதினங்களின் கதை இனித் தொடரின் மெய்வரலாறு ஆகாது என்றும், ‘பழங்கதைகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவை தனியே வழங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவற்றைப் பயின்றவர்க்கு அது இழப்பே. அவ்வாண்டு நவம்பரில் 88 நொடி அளவினதான முதல் முன்னோட்டம் வந்தது. அதில் கண்ட ஒளிவாளுக்குக் கைப்பிடியருகே குறுக்காக இரு சிறு சுடர்கள் இருந்தன. அவை பயன் தருமா, ஏந்துவோன் கையையே அறுக்குமா எனச் சுவைஞர் நீண்ட வழக்காடினர். 2015 அக்டோபரில் வந்த சுவரொட்டியில் லூக்கின் உருவம் இல்லாமை மற்றொரு வழக்கிற்கு இடமாயிற்று.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் வேண்டும். வாளின் வடிவு பற்றியது கருப்பொருள் ஐயம். லூக் எங்கே என்பது உரிப்பொருள் ஐயம். மீட்சியைச் செய்து காட்டியவன் பின்னர் என்ன ஆனான் என்பதே அதன் உட்கிடை. புறத்தார் சுவைஞரை எள்ளுங்கால் முன்னதையே எடுத்துக்காட்டுவர். பின்னதைக் காணாமையால் சுவைஞர் அனைவரும் சிறுபொருட்கு வழக்காடுவோர் என்னும் முடிவுக்கு வருவர்.

2015 டிசம்பரில் ஜே.ஜே. ஆப்ரம்ஸ் இயக்கத்தில் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வந்தது; உலக அளவில் 200 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. பாலைக் கோள், பெற்றோரைப் பிரிந்த இளைஞர், மறைசெய்தி சுமக்கும் இயந்திரம், கோளையே அழிக்கும் படைக்கலம் என 1977இன் கருப்பொருள் அனைத்தும் அதில் மீண்டன. 1999இல் ஏமாற்றமுற்றவர் ஆறுதல் பெற்றனர். ஆறுதல் தணிந்த பின்னர் ஒரு குறை எழுந்தது: இது முதற்படத்தின் படியே அன்றோ? முடிபு ஒத்தலும் மரபு அழியாமையும் இருந்தன. பின்னோன் வேண்டும் வேறுபாடு குறைந்தது. சுவைஞரின் அச்சத்தைத் தணித்தலையே குறிக்கோளாகக் கொண்ட வழிநூல் எய்தும் நிலை இது.

2017இல் ரயன் ஜான்சன் இயக்கிய ‘தி லாஸ்ட் ஜெடை’ எதிர்த்திசையில் சென்றது. தலைவி ரேயின் பெற்றோர் யாரோ பெருமக்கள் என இரண்டாண்டு கருதிக் காத்திருந்தவர்க்கு, அவர் பெயரும் சிறப்பும் அற்ற எளியர் என்று அப்படம் விடை கூறியது. லூக்கை உலகை வெறுத்து ஒதுங்கிய முதியவனாகவும், முன்னொரு நாள் உறங்கும் மருகனைக் கொல்ல ஒரு நொடி எண்ணியவனாகவும் காட்டியது. வேடரையே கைவிடாதவன் மருகனைக் கைவிட எண்ணுவானோ என ஒருசாரார் மறுத்தனர். இறுதியில் எவரையும் கொல்லாது, தன் உருவத் தோற்றத்தால் மட்டுமே பெரும்படையைத் தடுத்து நண்பரைக் காத்து மாய்தலின், அவன் தன் அறத்திற்கே மீண்டான் என மற்றொரு சாரார் நிறுவினர். இருசாராரும் உரிப்பொருளையே அளவுகோலாகக் கொண்டமை நோக்கத்தக்கது. இவ்வளவில் இவ்வழக்கு எந்தப் பல்கலைக்கழக அவைக்கும் ஏற்ற திறனாய்வேயாகும்.

2019இல் மீண்டும் ஆப்ரம்ஸ் இயக்கிய ஒன்பதாம் படம், ரே பேரரசன் பால்பட்டீனின் பேர்த்தி என்று கூறி முன்படத்தின் விடையைத் திருப்பியது. எளியர் வயிற்றுப் பிறந்தவளும் தலைமை எய்தலாம் என்ற வேறுபாடு மறைந்து, குருதி வழியே சிறப்பு என்னும் பழைய அச்சம் மெய்யாயிற்று. எதிர்ப்புக்கு அஞ்சியே இம்மாற்றம் செய்யப்பட்டது எனத் துணிதற்கில்லை. ஆயினும் ஒரு வழிநூல் மற்றொரு வழிநூலை மறுப்பதில் தன் ஆற்றலைச் செலவிட்டால் முதனூலின் வினா கேட்பாரற்று நிற்கும் என்பதற்கு இது சான்று.

7. இரு தடைகளும் விடையும்

சுவைஞரின் முன்னெண்ணத்தைத் திறனாய்வு எனக் கொள்ளுதற்குத் தடை இரண்டு உள. சுவைஞர் நம்பிக்கை வணிகரால் விளைவிக்கப்பட்டது. விளம்பரத்தின் எதிரொலியை ஆராய்ந்து பயன் என்னை என்பது ஒன்று. வணிகர் இந்நம்பிக்கையைப் பயன்படுத்துகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயின் பயன்படுத்துதல் வேறு, படைத்தல் வேறு. விளம்பரமே நம்பிக்கையைப் படைப்பதாயின் விளம்பரம் மிக்க படங்கள் அனைத்திற்கும் சுவைஞர் வாரக்கணக்கில் காத்திருத்தல் வேண்டும். அவ்வாறு காத்திருத்தல் இல்லை. மேலும், விளம்பரம் நம்பிக்கையை மட்டுமே விரும்பும், ஐயத்தை விரும்பாது. சுவைஞரிடம் ஐயம் எழுதலே அவர் விளம்பரத்திற்கு அடிமைப்படவில்லை என்பதைக் காட்டும்.

ஆசிரியன் உரிமை பற்றியது மற்றொரு தடை. படைத்தவன் மாற்றவும் உரியவன். கேட்போன் தடுக்க உரியனோ? சட்ட உரிமை ஆசிரியனுக்கும் அவனிடம் விலைக்குப் பெற்றவர்க்கும் உரியதே. ஆனால் ஒரு நூலின் பொருள் சட்டத்தால் நிற்பதன்று. பயில்வோர் நினைவில் நிற்பது. நினைவில் நிற்கும் நூலுக்குப் பயில்வோர் சான்றாவர். சான்றாவார்க்கு ஆணையிடும் உரிமை இல்லை; உண்மை கூறும் உரிமை உண்டு. 1997இல் சுவைஞர் செய்தது அதுவே.

8. ஐயம் திரிபாகும் இடம்

இவ்வளவும் கூறிய பின்னர், சுவைஞர் ஐயம் பிறழ்ந்த இடத்தையும் கூறாது விடுதல் நடுவுநிலை ஆகாது. 1999ஆம் ஆண்டுப் படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் நகைச்சுவைப் பாத்திரத்திற்கு அகமது பெஸ்ட் என்னும் இளங்கலைஞர் நடிப்பும் குரலும் தந்தார். அப்பாத்திரம் பலர்க்குப் பிடிக்கவில்லை. பாத்திரத்தின்மேல் எழுந்த வெறுப்பு கலைஞர்மேல் பாய்ந்தது. அவ்விகழ்ச்சியால் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள எண்ணியதாக அவர் 2018இல் வெளிப்படக் கூறினார். 2017ஆம் ஆண்டுப் படத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் என்னும் நடிகையும் இன இழிவுரைகளுக்கு ஆளாகிச் சமூக வலைத்தளத்தில் தம் பதிவுகளை நீக்கினார். 2018 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அத்துன்பத்தை எழுதினார்.

அளவை நூலார் வேறுபாடு ஈண்டு பயன்படுகின்றது. புதிய படம் உரிப்பொருளைக் காக்குமோ காவாதோ என்பது ஐயம். அது மேலும் நோக்கச் செய்யும். இப்படம் நம்மிடமிருந்து ஒன்றைக் கவர வந்தது, இதில் நடித்தவர் நம் பகைவர் என்பது திரிபு. கயிற்றை அரவு எனத் துணிந்தவன் கையில் கோல் எடுத்தலும் இயல்பே. அக்கோல் படுவதோ நூலாசிரியர்மேலும் அன்று, பொருள் ஈட்டிய நிறுவனத்தின்மேலும் அன்று. பெரும்பாலும் வலிமை குறைந்த ஒரு நடிகர்மேல். பகைவனையும் மீட்கலாம் என்னும் உரிப்பொருளுடைய ஒரு கதையைக் காப்பதாகக் கூறிக்கொண்டு ஒரு மனிதரை வருத்துதல் அக்கதையைக் கல்லாமையே ஆகும். 2023இல் ‘தி மாண்டலோரியன்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் பெஸ்ட் ஒரு ஜெடையாகத் தோன்றி, குழந்தை ஒன்றைக் காக்கும் காட்சியைச் சுவைஞர் மகிழ்ந்து வரவேற்றனர். காலம் தாழ்ந்ததாயினும் அதுவும் ஒரு மீட்சியே.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. வழிநூலை எதிர்நோக்கும் சுவைஞரின் ஐயம், முதனூலின் உரிப்பொருள் இன்னது என அவர் தெளிந்திருத்தலினின்று எழுகின்றது. ஆதலின் அது திறனாய்வின் முதற்படியாகும். செய்தி மாறினும் பொருள் வளரின் சுவைஞர் ஏற்பர். செய்தி மாறாதாயினும் பொருள் குறையின் ஏலார். ஐயத்தைத் தணித்தற்கென்றே செய்யப்படும் வழிநூல் வேறுபாடு குன்றிப் படியாகிவிடும். ஐயம் நூலை நோக்கியிருக்கும் வரை திறனாய்வாகும். மனிதரை நோக்கித் திரும்பிய கணத்தில் அப்பெயர்க்கு உரியதன்று.

முதுகலை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். இவ்வகை ஆய்வுக்குத் தமிழிலும் நிலம் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வார இதழில் வெளிவந்தது. ஒவ்வொரு வாரமும் ஒரு காத்திருப்பாக இருந்தது. மணிரத்னம் இயக்கத்தில் அக்கதை 2022 செப்டம்பர் 30ஆம் நாளும் 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் இருபாகப் படமாக வந்தபோது, வந்தியத்தேவனும் நந்தினியும் தம் மனத்தில் வாழும் உருவோடு ஒப்பரோ என மூன்று தலைமுறைப் படிப்பாளிகள் ஐயுற்றனர். அவர்களுள் மூத்த தலைமுறையினர் சிலரே இன்று நம்மிடையே உள்ளனர். அவர் எதனை எதிர்பார்த்தனர், எதற்கு அஞ்சினர் என்பதை நேரிற் கேட்டுத் தொகுத்தல் இப்பொழுதே செய்யத்தக்க பணி. மணிமேகலைக்கு முன்னிருந்த அவையினரிடம் நம்மால் கேட்க இயலாது போன வினாவை இவர்களிடம் கேட்க இன்னும் காலம் இருக்கின்றது.